ஸ்காட்லாந்தின் பேர்ன், லிதுவேனியாவின் பெர்னஸ்: ஒரே சொல்லா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 3

ஸ்காட்லாந்தில் குழந்தையை 'பேர்ன்' என்கிறார்கள். லிதுவேனிய மொழியில் 'பெர்னஸ்' என்றால் பையன் என்று ஓரிடத்தில் படித்தேன். இரண்டும் நம்முடைய 'பேரன்' தானே? அங்கே வசிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

நான் இருப்பது ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் ஊரில். ஆறு வருஷமாக ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. இந்தக் கேள்வியை நான் ஏற்கெனவே நேரில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் இல்லத்தில் தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே ஊர். யாரைக் கூப்பிட்டாலும் 'பேர்ன்' தான். எனக்கு நாற்பத்திரண்டு வயது, நானும் பேர்ன். என்னோடு அதே ஷிப்டில் ஒரு லிதுவேனியப் பெண் இருக்கிறார், தெற்கே ஜூகியா பக்கத்துக்காரர். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பாட்டி கூப்பிடும்போதெல்லாம் முகம் சுண்டிப்போவதைப் பார்த்தேன். ஒரு நாள் தேநீர் நேரத்தில் காரணம் கேட்டேன். "எங்கள் மொழியில் இது பண்ணையாளைக் கூப்பிடுகிற சொல். அதுவும் ஆம்பளைப் பண்ணையாளை" என்றார்.

அவர் காதில் விழுந்ததில் தப்பில்லை. லிதுவேனிய மொழியில் விளி வேற்றுமை இன்னும் உயிரோடு இருக்கிறது. பெர்னஸ் என்பது எழுவாய் வடிவம். கூப்பிடும்போது கடைசி 'அஸ்' போய் 'எ' வந்து 'பெர்னெ' ஆகிவிடும். பாட்டி வாயில் 'பேர்ன்' வருகிறபோது அவருக்கு 'அடேய் ஆளே' என்று கேட்டிருக்கிறது.

கேள்விக்குப் பதில்: ஆம், பேர்னும் பெர்னஸும் ஒரே வேர் என்பதுதான் பெரும்பாலான மொழியியலாளர்கள் சொல்வது. பேரன் அதில் சேராது.

பிப்ரவரி 4

பேரன் ஏன் சேராது என்று தனிச்செய்தியில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கொஞ்சம் கோபமாகவும்.

பேரன் என்பது பெயரன். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். பெயர் பேர் ஆனது போலப் பெயரன் பேரன் ஆனான். சொல்லுக்குள்ளேயே அதன் பிறப்பு தெரிகிறது, வெளியே தேட வேண்டியதில்லை. பேர்னில் 'பெயர்' என்ற கருத்தே கிடையாது.

பேர்ன் பழைய ஆங்கிலத்தில் 'பெஆர்ன்'. நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்தில் இன்றும் குழந்தை 'பார்ன்' தான். எல்லாவற்றுக்கும் அடியில் 'சும' என்று பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய வேர். சுமக்கப்பட்டது, பெறப்பட்டது, ஆகவே குழந்தை. தென் இங்கிலாந்து அந்தச் சொல்லைத் தொலைத்துவிட்டது. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தின் வடக்கு மாவட்டங்களும் வைத்துக்கொண்டன.

தமிழில் இதற்கு உறவு வேண்டும் என்றால் பேரனை விடுங்கள், பாரத்தைப் பாருங்கள். பாரம் சமஸ்கிருதத்திலிருந்து நமக்கு வந்த சொல். அதன் வேரும் அதே 'சும' தான். பேர்ன் என்ற குழந்தைக்கு நம் வீட்டில் இருக்கும் தூரத்துச் சொந்தம் பாரம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இரட்டைப் பிள்ளைகளை வயிற்றில் சுமந்தவள் நான், அதனாலும் இருக்கலாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பெயர் வைக்கும் வழக்கம் இங்கேயும் நம்மைப் போலத்தான் இருந்திருக்கிறது. பழைய ஸ்காட்டிஷ் குடும்பங்களில் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். பாட்டியின் குடும்பத்தில் ஒரே பெயர் நாலு தலைமுறையாக வருகிறது. வழக்கம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லும் ஒன்றாகிவிடாது.

பிப்ரவரி 4, சிறு திருத்தம்

நேற்று 'ஸ்காட்லாந்தில்' என்று பொதுவாகப் பேசிவிட்டேன். நான் சொல்வது ஸ்காட்ஸ் மொழி. ஆங்கிலத்தின் உடன்பிறப்பு. மேற்குத் தீவுகளில் பேசும் கேலிக் வேறு கிளை, அதற்கு இந்த இழையில் வேலையில்லை.

பிப்ரவரி 8

ஒலியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம்தான்.

ஜெர்மானிய மொழிகளின் சொல்லில் வேர் உயிர் பழைய 'ஒ'. அது 'அ'வாக மாறி 'பார்ன்' ஆனது. பால்டிக் மொழிகளில் வேர் உயிர் 'எ'. அது 'எ'வாகவே நின்றுவிட்டது. ஜெர்மானியச் சொல் ஆணும் பெண்ணும் அல்லாத நடுப்பால், லிதுவேனியச் சொல் ஆண்பால். ஆகவே ஒருவர் மற்றவரிடம் கடன் வாங்கிய சொல்லாகத் தெரியவில்லை. ஒரே வேரிலிருந்து இரண்டு வீட்டில் தனித்தனியாகச் சமைத்தது. பிற்காலத்தில் ஸ்காட்ஸ் தன் 'ஆ'வை மறுபடி 'ஏ' பக்கம் இழுத்துக்கொண்டு வந்ததால்தான் இரண்டும் இன்று இத்தனை நெருக்கமாக ஒலிக்கின்றன. உறவு உண்மை. ஆனால் இந்த ஒலி ஒற்றுமை பாதி தற்செயல்.

இன்னொரு வேடிக்கை, இது லாத்வியாவில். லிதுவேனியாவுக்கு வடக்கே, அக்கா தங்கை மொழி. அங்கே இதே சொல் 'பேர்ன்ஸ்'. பொருள் குழந்தை, பண்ணையாள் இல்லை. கடைசி 'ஸ்' ஆண்பால் ஒருமை. ஸ்காட்ஸில் 'பேர்ன்ஸ்' என்றால் பல குழந்தைகள். லாத்வியாவில் பன்மை 'பேர்னி'. ஸ்காட்ஸில் 'பேர்னி' என்றால் ஒரே ஒரு குட்டிக் குழந்தை. ஒருவருடைய ஒருமை மற்றவருக்குப் பன்மை, ஒருவருடைய பன்மை மற்றவருக்கு ஒருமை. இதைக் கண்டுபிடித்த அன்று பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பிப்ரவரி 8, இன்னும் ஒன்று

ஒலி ஒத்தால் உறவு என்று நினைப்பவர்களுக்கு: ஸ்காட்ஸில் 'பர்ன்' என்றால் ஓடை. 1314ல் சண்டை நடந்த பானக்பர்ன் இங்கிருந்து பக்கம்தான், அந்த 'பர்ன்' இந்த ஓடை. லிதுவேனியத்தில் 'புர்னா' என்றால் வாய். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மறுபக்கம், ஸ்காட்ஸில் 'கென்' என்றால் தெரியும், லிதுவேனியத்தில் 'ஜினோட்டி' என்றால் தெரிந்திருத்தல். காதுக்கு ஒட்டவே ஒட்டாது. ஆனால் இரண்டும் ஒரே வேர்.

பிப்ரவரி 13

நான் எழுதியதை அந்த லிதுவேனியத் தோழிக்கு வாசித்து, மொழிபெயர்த்துச் சொன்னேன். அவருக்கு வருத்தம். "நீ எங்கள் சொல்லை வெறும் கூலிக்காரன் ஆக்கிவிட்டாய். நானும் அன்றைக்குப் பாதிதான் சொன்னேன்" என்றார். அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன்.

பெர்னஸ் முதலில் இளைஞன். கல்யாணம் ஆகாத வாலிபன். நாட்டுப்பாடல்களில் காதலன் 'பெர்னேலிஸ்', அதாவது செல்லமான பெர்னஸ். காதலி 'மெர்கேலே'. இந்த ஜோடி இல்லாத பாட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார். ஆற்றங்கரையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறவன், வேலியோரம் நிற்கிறவன், போருக்குப் போகிறவன் எல்லாம் பெர்னேலிஸ். இன்று பள்ளிக்கூடம் போகும் சிறுவன் 'பெர்னியூகஸ்'. பத்திரிகை, பாடநூல், கழிப்பறைக் கதவு, எல்லா இடத்திலும் அதுதான். நண்பர்கள் தங்களுக்குள் 'பெர்னை' என்று சொல்லிக்கொள்வது நம்முடைய 'பசங்க' மாதிரி. கல்யாணமே ஆகாமல் முதிர்ந்தவன் 'ஸென்பெர்னிஸ்', கிழட்டு வாலிபன். கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்குக்கூட 'பெர்னேலிஸ்' என்ற சொல்லில்தான் பெயர். குழந்தை இயேசுவை முதலில் பார்க்க ஓடிவந்த ஆட்டிடையப் பையன்கள் நினைவாக என்று அவருடைய பாட்டி சொல்வாராம்.

குழந்தைக்கு அங்கே வேறு சொல், 'வைகஸ்'.

பண்ணையாள் என்ற பொருளும் உண்மைதான், அதையும் அவர் மறுக்கவில்லை. நிலம் உள்ளவன் வீட்டில் வருஷக் கூலிக்கு இருப்பவன் பெர்னஸ். முழு வேலை செய்ய இன்னும் வயது வராதவன் 'புஸ்பெர்னிஸ்', அரை ஆள். அவருடைய கொள்ளுத்தாத்தா புஸ்பெர்னிஸாகப் போனவர். வீட்டில் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான் அந்த முதல் வாரத்தில் முகம் சுண்டியிருக்கிறது. அந்தச் சொல்லில் பாட்டும் இருக்கிறது, தொழுவமும் இருக்கிறது. எனக்கு அவர் முதலில் தொழுவத்தை மட்டும் காட்டினார், நானும் அதை மட்டும் இங்கே எழுதினேன்.

பிப்ரவரி 14

இரண்டு சொல்லும் வரலாற்றில் நேருக்கு நேர் சந்தித்திருக்கின்றன என்று தோன்றுகிறது!

1880களிலிருந்து முதல் உலகப்போர் வரை ஆயிரக்கணக்கான லிதுவேனியர்கள் ஸ்காட்லாந்துக்கு வந்தார்கள். ஜார் ஆட்சிக்கும் கட்டாய ராணுவ சேவைக்கும் வறுமைக்கும் தப்பி வந்தவர்கள். குடியேறியது லனார்க்‌ஷர் மாவட்டத்தில்: பெல்ஸ்ஹில், மோசெண்ட், கோட்பிரிட்ஜ். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையும். உள்ளூர்க்காரர்கள் அவர்களைப் 'போலந்துக்காரர்கள்' என்றார்கள். வாயில் நுழையாத பெயர்களுக்குப் பதிலாக ஸ்மித், பிரௌன் என்று புதுப் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. செல்டிக் கால்பந்து அணி 1967ல் ஐரோப்பியக் கோப்பை வென்றபோது தலைவராக இருந்த பில்லி மக்நீல் பெல்ஸ்ஹில்லில் பிறந்தவர், தாய்வழியில் லிதுவேனியர்.

வந்தவர்களில் எத்தனையோ பேர் ஊரில் பெர்னஸாக இருந்தவர்கள்தானே. இங்கே அவர்கள் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்காரி 'பேர்ன்' என்று கூப்பிடுவதைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார்கள்! பல ஆயிரம் வருஷம் பிரிந்திருந்த சொல் ஒரு சுரங்கக் குடியிருப்பின் வாசற்படியில் சந்தித்திருக்கிறது.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதை வெட்ட வேண்டியிருக்கிறது. அழிக்காமல் விடுகிறேன், படிப்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

லனார்க்‌ஷரில் குழந்தைக்குப் 'பேர்ன்' என்று சொல்வதில்லை. அது கிளாஸ்கோ பக்கம், மேற்கு. அங்கே குழந்தை 'வேன்'. 'வீ ஏன்', சின்னது ஒன்று, என்பது சுருங்கி வேன். பேர்ன் கிழக்கிலும் வடக்கிலும்தான். ஃபால்கர்க்குக்கும் பெல்ஸ்ஹில்லுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் போலத்தான் இருக்கும், ஆனால் சொல்லின் எல்லை இடையில் எங்கோ விழுந்துவிடுகிறது. எங்கள் சமையற்கட்டில் வேலை செய்பவர் கோட்பிரிட்ஜ்காரர். அவரைக் கேட்டேன், "என் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை" என்றார்.

ஆகவே அந்த வாசற்படிச் சந்திப்பு நான் ஆசைப்பட்டுக் கட்டியது. சந்திப்பு நடந்தது இங்கே, எங்கள் இல்லத்தில், இந்த நூற்றாண்டில். வேறெங்காவது நடந்திருக்கலாம், எனக்குத் தெரிந்தது இது.

ஆனால் அந்த மக்களின் கதையைத் தேவையில்லாமல் சொல்லிவிட்டேன் என்று நினைக்கவில்லை. 1917ல் பிரிட்டனும் ரஷ்யாவும் ஒப்பந்தம் போட்டு, பிரிட்டிஷ் படையில் சேர் அல்லது ரஷ்யப் படைக்குத் திரும்பிப் போ என்றார்கள். லனார்க்‌ஷரிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் ரஷ்யாவுக்குப் போனார்கள். பின்னாலேயே புரட்சி வந்தது. திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். அரசு உதவித்தொகையில் இருந்த மனைவிகளையும் பிள்ளைகளையும் 1920ல் கப்பலேற்றி அனுப்பினார்கள். அதில் பல பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், லிதுவேனியாவைப் பார்த்தே இராதவர்கள்.

பிப்ரவரி 20

குழந்தை என்ற சொல் எப்படி வேலையாள் என்று ஆகும் என்பதே முக்கியமான கேள்வி. அது எல்லா ஊரிலும் ஆகியிருக்கிறது.

லத்தீனில் 'புஏர்' சிறுவன், அடிமையும் அதே சொல். கிரேக்கத்தில் 'பைஸ்', அதே கதை. ஆங்கிலத்தின் 'நேவ்' முதலில் பையன், பிறகு வேலைக்காரன், கடைசியில் போக்கிரி. அதே சொல் ஜெர்மனில் 'க்னாபெ', இன்னும் நல்ல பிள்ளையாக, பையனாகவே இருக்கிறது. ரஷ்ய மொழியில் 'ரெபியோனக்' குழந்தை, 'ரப்' அடிமை, இரண்டும் ஒரே வேர். கிரேக்கத்தில் அந்த வேரிலிருந்து வந்த சொல்லுக்கு அநாதை என்று பொருள். ரோபோவும் செக் மொழி வழியாக அந்தக் குடும்பம்தான். நாம் 'கடைப்பையன்' என்று ஐம்பது வயதுக்காரரைச் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லிதுவேனியத்துக்கு மேற்கே ஒரு காலத்தில் பேசப்பட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்துபோன பழம் பிரஷ்ய மொழியில் இது தலைகீழ். லிதுவேனியரின் குழந்தைச் சொல்லான வைகஸ் அங்கே 'வைக்ஸ்', பொருள் வேலையாள். ஒரு வீட்டில் ஒரு சொல் ஆளாகிறது, பக்கத்து வீட்டில் இன்னொரு சொல் ஆளாகிறது. இரண்டு வீட்டிலும் குழந்தை என்ற சொல்தான் மாட்டிக்கொள்கிறது.

சமஸ்கிருதத்தையும் பாருங்கள். 'சும' என்ற அதே வேரிலிருந்துதான் 'பிருத்தியன்', வேலைக்காரன். அங்கே பொருள் 'சோறு போட்டுத் தாங்கப்பட வேண்டியவன்'. குழந்தையும் அப்படித்தான், பண்ணையாளும் அப்படித்தான்: இன்னொருவர் அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். லிதுவேனியச் சொல் இந்த வழியாகத்தான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இளைஞன் வேலைக்குப் போனான், இளைஞன் என்ற சொல்லும் கூடப் போனது, அவ்வளவுதான் நடந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அடுப்பை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பிப்ரவரி 21

ஃபால்கர்க்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இங்கே பேர்ன் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: இந்த ஊரில் பிறந்தவர். எண்பது வயது ஆளும் 'ஃபால்கர்க் பேர்ன்'. கால்பந்து அணிக்குப் பட்டப்பெயர் 'பேர்ன்ஸ்'. ஊரின் பழைய வாசகம், 'ஃபால்கர்க் பிள்ளைகளோடு மோதுவதைவிடச் சாத்தானோடு மோது'. நான் இங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் அந்தப் பொருளில் பேர்ன் ஆக முடியாது. என் இரட்டையர்கள் இங்கேயே பிறந்தார்கள், அவர்கள் ஆகிவிட்டார்கள்.

பிறகு சட்டம். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் 'பேர்ன்ஸ் பார்ட்' என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைப் பங்கு. தகப்பனோ தாயோ உயிலில் என்ன எழுதிவைத்தாலும், அசையும் சொத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு உண்டு. துணை உயிரோடு இருந்தால் மூன்றில் ஒன்று, இல்லாவிட்டால் பாதி. இன்றைக்கும் நடப்பில் உள்ள உரிமை. ஆகவே பேர்ன் என்றால் பங்கு உள்ளவர். பெர்னஸ் என்றால் கூலி மட்டும் உள்ளவர். ஒரே வேர், நடுவே ஒரு வேலி. இதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

மார்ச் 1

அந்த வேலியை அத்தனை நேராகப் போட்டது தவறு.

பிள்ளைப் பங்கு அசையும் சொத்தில் மட்டும்தான். நிலத்தில் கிடையாது. உயில் இல்லாமல் இறந்தால் 1964 சட்டம் வரும்வரை நிலம் மூத்த மகனுக்கே போனது. மற்ற பேர்ன்கள்? ஆள் பிடிக்கும் சந்தைக்குப் போனார்கள். விட்சன், மார்ட்டின்மஸ் என்று வருஷத்துக்கு இரண்டு தவணை. பண்ணைக்காரர்கள் வந்து ஆறு மாதத்துக்கு ஆள் பேசிக்கொண்டு போவார்கள். பாட்டியின் அப்பாவும் பதின்மூன்று வயதில் அப்படி ஒரு சந்தையில் நின்றவர். நேற்று இரவு தூக்கம் வராமல் பாட்டியே சொன்னார். கல்தரையில் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றாராம், வந்தவர் முதலில் பார்த்தது கையைத்தானாம்.

வடகிழக்கில், அபர்டீன் பக்கம், பையனுக்கு 'லூன்' என்று பெயர். பண்ணையில் எல்லாருக்கும் கடைசியாக நிற்கும் சின்ன வேலையாளும் லூன் தான். ஸ்காட்லாந்திலும் பையன் என்ற சொல் தொழுவத்துக்குப் போயிருக்கிறது. பேர்ன் போகவில்லை, அதற்குப் பதிலாக லூன் போனது. பாட்டியின் அப்பாவும் தோழியின் கொள்ளுத்தாத்தாவும் கிட்டத்தட்ட ஒரே வயதில், ஒரே வேலைக்கு, வேறொருவர் வீட்டுக்குப் போனவர்கள்.

மார்ச் 2

இதைத் தோழியிடம் சொன்னீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பாட்டியின் அறைக்குப் போய், நகம் வெட்டிவிடுகிறேன் என்று உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 16

கேட்டவர் வேறு இழைக்குப் போய்விட்டார் போலிருக்கிறது. இதை மட்டும் போட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தோழி தன் ஐந்து வயது மகனை இல்லத்துக்கு அழைத்து வந்தார். பாட்டி சாய்வு நாற்காலியில் இருந்தார். பையனைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, இது யாருடைய பேர்ன் என்று கேட்டார். தோழி பையனின் தோளைப் பிடித்து முன்னே நிறுத்தி, ஆங்கிலம் விட்டுத் தன் மொழியில் சொன்னார்: "மானோ பெர்னியூகஸ்." என் பையன்.

பாட்டிக்குக் காது மந்தம். முன்பாதி மட்டும் விழுந்திருக்க வேண்டும்.

"ஆமாம், பேர்னி" என்று சொல்லிப் போர்வையை விலக்கி, பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டார்.